மின்சாரக் கம்பியும் அதன் குழாயும்

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குச் செல்லுங்கால் சாலையின் இருமருங்கும் கரிசல் நிலம் பரந்து கிடக்கின்றது. அந்நிலத்தின் நடுவே முள்வேலிக்கு அப்பால், சிறு சிறு அறைகள் ஒன்றையொன்று நெருங்காது எட்டி எட்டி நிற்பதைக் காணலாம். அவை குடியிருக்கும் வீடுகளும் அல்ல, ஆடுமாடு அடைக்கும் கொட்டில்களும் அல்ல. பட்டாசு மருந்து கலக்கவும், மணிமருந்து இடவும், திரி சொருகவும் அமைந்த அறைகள். அவற்றை உற்று நோக்குவார்க்கு ஒன்று புலப்படும். முறைப்படி உரிமம் பெற்று நடக்கும் ஆலையில், மருந்து கையாளும் அறைக்கு மின்சாரக் கம்பி செல்வதில்லை. அங்கே விளக்கும் இல்லை, விசிறியும் இல்லை. கதவுகளைத் திறந்து வைத்துப் பகலொளியிலேயே வேலை நடைபெறுகின்றது.

ஊருக்குள் நுழைந்த மாத்திரத்தில் காட்சி மாறிவிடுகின்றது. அச்சுக்கூடங்களின் சுவர்தோறும் குழாய்கள் ஓடுகின்றன. அட்டை வெட்டும் இயந்திரம், தாள் சுற்றும் இயந்திரம், தீப்பெட்டிக் குச்சி அடுக்கும் இயந்திரம், கிணற்று மோட்டார் ஆகிய யாவும் அக்குழாய்களின் வழியாகவே உயிர் பெறுகின்றன. ஒரே தொழிலை நம்பி வாழும் இவ்வூரின் ஒரு பாதி மின்சாரத்தை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டது. மற்றொரு பாதி அதைக் குழாயில் அடைத்து வேலை வாங்குகின்றது. இவ்விரண்டிற்கும் உரிய விதிகள் யாவை, அவ்விதிகளுக்குக் காரணம் யாது என்பதையே இவ்வியாசத்தில் கூறப் புகுந்தோம்.

இதை எழுதத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. ஆனி மாதத்தில் ஒருநாள் நாம் ஓர் அச்சுக்கூடத்திற்குச் சென்றிருந்தோம். ஆடிப்பெருக்கன்று புதிய ஆண்டின் நாட்காட்டி மாதிரிகளை வெளியிடுவது சிவகாசியின் வழக்கம்; ஆகவே அங்கே இரவு பகலாக வேலை நடந்துகொண்டிருந்தது. ஓர் இயந்திரத்தின் அருகே ரப்பர் கருகுவதுபோன்ற நாற்றம் எழுந்தது. வயர்மேனை அழைத்துப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது, முக்கால் அங்குலக் குழாய் ஒன்றினுள் ஒன்பது கம்பிகளும், அவற்றோடு ஒரு தட்டை வயரும், விளக்குத் தொங்கவிடும் முறுக்கு வயர் ஒன்றும் திணிக்கப்பட்டிருந்தமை தெரிந்தது. இழுத்தால் ஒன்றும் அசையவில்லை. மேலுறைகள் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த வயர்மேன் நல்லவர், கைத்திறன் உடையவர். அவர் நம்மை நோக்கி, “குழாய்க்குள்ளே போய்விட்டால் எந்த வயராய் இருந்தால் என்ன, ஸார்? அதுதான் மூடிக் கிடக்கிறதே!” என்றார்.

இக்கேள்வியை அவர் ஒருவரே கேட்கவில்லை. வீடு கட்டுவோரும், கடை வைப்போரும், ஏன், கல்வி கற்ற நம்மவருள் பலரும் இவ்வாறே எண்ணுகின்றனர். குழாயானது கம்பிக்கு ஒரு கோட்டை என்பது அவர்கள் கருத்து. அது ஒருவாறு உண்மையே. எலி கடியாமலும், ஆணி தைக்காமலும், கை படாமலும் குழாய் கம்பியைக் காக்கின்றது. ஆனால் கோட்டைக்குள் அடைபட்டவனுக்குக் காற்றும் கிடைப்பதில்லை என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

மின்சார விளக்கு வீடுகளுக்கு வந்த ஆரம்பக் காலத்திலேயே இவ்வபாயம் உணரப்பட்டது. இங்கிலாந்தில் 1882-ஆம் ஆண்டிலேயே, மின்விளக்கினால் தீ நேராமல் தடுப்பதற்கான விதிகள் வெளியாயின. அவ்விதிகளின் வழிவந்த நூலே இன்றும் பதிப்புமேல் பதிப்பாக அந்நாட்டில் வழங்கி வருகின்றது. அமெரிக்காவின் விதிநூல் 1897-இல் தோன்றியது. நம் நாட்டில் 1910-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டமும், பின்னர் 1937, 1956 ஆகிய ஆண்டுகளில் வகுத்த விதிகளும் வழக்கில் இருந்தன. இப்போது 2003-ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்கீழ் மத்திய மின்சார ஆணையம் 2010-இல் வெளியிட்டு 2023-இல் புதுக்கிய பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் நடைமுறையில் உள்ளன. கம்பி இழுக்கும் முறையை விரித்துக் கூறுவது ஐ.எஸ். 732 என்னும் இந்திய நியமம். 1985-இல் முதலில் வெளிவந்த தேசிய மின்சார விதித்தொகுப்பு அதனைத் தழுவிச் செல்கின்றது. இவை யாவும் மலைபோல் குவிந்த தாள்களே என்று எண்ணுதல் வேண்டா. இவற்றின் சாரம் சிலவே. அவற்றுள் குழாயைப் பற்றியது பெரும்பாலும் வெப்பத்தைப் பற்றியதே.

கம்பியில் மின்சாரம் ஓடுங்கால் அது சூடேறுகின்றது. ஓட்டம் இருமடங்கானால் சூடு நான்கு மடங்காகும் என்பதை ஜூல் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1841-இல் தெளிவாக்கினார். வெளியில் தொங்கும் கம்பியின் சூட்டைக் காற்று வாங்கிக்கொண்டு போய்விடும். குழாய்க்குள் இருக்கும் கம்பியோ தன் சூட்டைத் தன் பக்கத்துக் கம்பிக்கே கொடுக்கின்றது. பக்கத்துக் கம்பியும் அவ்வாறே திருப்பிக் கொடுக்கின்றது. நாம் சாதாரணமாக வாங்கும் பி.வி.சி. உறையிட்ட கம்பி 70 டிகிரி சென்டிகிரேடு வரையில்தான் நெடுங்காலம் தாங்கும். அதற்குமேல் உறை இளகும், பின் வறண்டு வெடிக்கும், முடிவில் உள்ளிருக்கும் செம்பு வெளிப்படும்.

இங்கே ஒரு கணக்கைக் கவனிப்போம். ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் செம்புக்கம்பி, சுவரில் பதித்த குழாய்க்கு வெளியே அல்லாமல், சுவர்மேல் ஓடும் குழாய்க்குள் ஒரேயொரு சுற்றாகச் செல்லுமானால் 17.5 ஆம்பியர் தாங்கும் என்பது சர்வதேச அட்டவணை. ஆனால் அவ்வட்டவணை சுற்றுப்புற வெப்பத்தை 30 டிகிரி என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. சித்திரை வைகாசியில் தகரக் கூரையின் கீழ் ஓடும் குழாயைத் தொட்டுப் பார்த்தவர்கள் 30 டிகிரி என்பதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவ்விடம் 50 டிகிரி என்று கொண்டால், 17.5-ஐ 0.71-ஆல் பெருக்கவேண்டும், 12.4 ஆகின்றது. அதே குழாயில் மூன்று சுற்றுகள் சென்றால் மறுபடியும் 0.70-ஆல் பெருக்கவேண்டும், 8.7 ஆகின்றது. கடைக்காரர் சொன்ன அளவில் சரிபாதிதான் எஞ்சுகின்றது! குளிர்ந்த தேசத்து அட்டவணையைக் கரிசல் காட்டுக் கூரைக்குக் கீழே அப்படியே கொண்டுவந்து வைத்ததன் பயன், அச்சுக்கூடத்தில் நாம் நுகர்ந்த அந்நாற்றம்.

இனி, எத்தனை கம்பி நுழையலாம் என்பது. நம் மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பு இதை எளிதாக்கிவிட்டது. 20 மில்லிமீட்டர் குழாயில், ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் ஒற்றைக்கம்பிகள், குழாய் நேராகச் சென்றால் ஐந்து, வளைந்து சென்றால் நான்கு. 25 மில்லிமீட்டர் குழாயில் முறையே பத்து, எட்டு. அமெரிக்க விதி வேறுவிதமாகக் கணக்கிடுகின்றது: குழாயின் உட்பரப்பில் ஒரு கம்பியானால் 53 பங்கு, இரண்டானால் 31 பங்கு, இரண்டிற்கு மேற்பட்டால் 40 பங்கு, இவை நூற்றுக்கு இவ்வளவு என்ற வீதத்தில்தான் நிரம்பலாம். இரண்டு கம்பிகளுக்கு ஏன் மூன்றைவிடக் குறைத்துவிட்டார்கள் என்று மாணவர் கேட்கக்கூடும். இரண்டு உருண்டைகள் சேர்ந்தால் முட்டைபோல் நீண்டு, வளைவில் இழுக்கும்போது சிக்கிக்கொள்ளும். மூன்று சேர்ந்தால் ஏறக்குறைய உருண்டையாகவே அமைந்து வழுக்கிச் செல்லும். இழுத்துப் பார்த்தவன் எழுதிய விதி இது என்பதில் ஐயமில்லை.

வயர்மேனின் கேள்வி இவ்விடத்தில்தான் விடை பெறுகின்றது. கம்பிகளில் பல வகை உண்டு. குழாய்க்கென்றே அமைந்தது ஒற்றை உறையிட்ட ஒற்றைக்கம்பி. மேலே மற்றோர் உறையும் போர்த்த தட்டை வயர், சுவரில் கிளிப் அடித்துத் திறந்த வெளியில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. அதற்குக் குழாயே தேவையில்லை. குழாய்க்குள் போட்டால் இரட்டைப் போர்வை போர்த்தவனை அறையில் பூட்டியது போலாகும். அமெரிக்காவிலும் இதுபோன்ற உறையிட்ட வயரைக் குழாயில் இழுக்கலாமா என்பது வயர்மேன்களிடையே ஓயாத வழக்கு. அந்நாட்டு விதி அதை முற்றிலும் தடுக்கவில்லை. ஈரமில்லாத இடத்தில், அளவுக்கு உட்பட்டு அனுமதிக்கின்றது. ஆனால் அளக்கும் முறையில் ஒரு நுட்பம் உளது. தட்டையான வயரை அதன் தட்டைப் பரப்பால் அளக்கக் கூடாது. அதன் நீண்ட அகலத்தையே விட்டமாகக் கொண்ட ஒரு வட்டமாக எண்ணவேண்டும். 10 மில்லிமீட்டர் அகலமும் 5 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள வயர் ஒன்று 78 சதுர மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதியாக இடம் பிடித்ததாகக் கணக்கு. குழாயின் உள்விட்டம் 16 மில்லிமீட்டர் என்று கொண்டால் உட்பரப்பு 201. அதில் நூற்றுக்கு 53 என்பது 106. ஆகவே ஒரு வயர் செல்லலாம். இரண்டு வயருக்கோ 157 வேண்டும். விதி விடுவது 62-தான். கண்ணுக்கு இடமிருப்பதுபோல் தோன்றும்; கணக்குக்கு இடமில்லை.

முறுக்கு வயரின் கதை இன்னும் மோசம். அது அசைந்தாடும் விளக்குக்கும், கையில் எடுத்துச் செல்லும் கருவிக்கும் உரியது. மயிரிழை போன்ற பல இழைகளால் ஆனது. அதை நிலையான கம்பியாகக் கொண்டு குழாய்க்குள் மறைத்துவிடுவதை அமெரிக்க விதி பொதுவாகத் தடுக்கின்றது. கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் அதன் உறை கிழிந்ததும் மாற்றிவிடுவோம். மறைத்து வைத்தால் யார் பார்ப்பார்? டெலிபோன் கம்பியையும், மணியடிக்கும் கம்பியையும் 230 வோல்ட்டுக் கம்பியோடு ஒரே குழாயில் செலுத்துவதும் தவறு. அவற்றின் மெல்லிய உறை 230 வோல்ட்டைத் தாங்கச் செய்யப்பட்டதன்று. உள்ளே உராய்ந்து ஒன்றோடொன்று தொட்டுவிட்டால், டெலிபோனை எடுத்துக் காதில் வைப்பவர் பாடு என்னாகும்!

இரும்புக்குழாயில் மற்றொரு விசித்திரம் உண்டு. போகும் கம்பி ஒரு குழாயிலும், திரும்பும் கம்பி வேறொரு குழாயிலும் செல்லக்கூடாது. ஒன்றாய்ச் சென்றால் ஒன்றன் காந்தத்தை மற்றொன்று அழித்துவிடும். பிரிந்து சென்றால், நொடிக்கு ஐம்பது சுற்று மாறும் அக்காந்தம் இரும்பினுள் சுழலோட்டங்களை எழுப்பிக் குழாயையே அடுப்பில் வைத்தாற்போல் சூடேற்றும். கம்பியில் பிழை இல்லை, உறையில் பிழை இல்லை, ஆயினும் குழாய் கொதிக்கின்றது. காரணம் தெரியாத வயர்மேன் கம்பியை மாற்றிக்கொண்டே இருப்பார். பிளாஸ்டிக் குழாயில் இத்தொல்லை இல்லை. ஆயினும் இயந்திரமும் பளுவண்டியும் உரசும் இடத்தில் பிளாஸ்டிக் குழாய் உடைந்துவிடும் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

எஞ்சிய விதிகளைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். முதலில் குழாய் முழுவதும் பதிந்து முடிந்தபின்னரே கம்பியை இழுக்கவேண்டும். வெட்டிய குழாய் முனையின் பிசிறை அரத்தால் ராவி எடுத்து, புஷ் மாட்டவேண்டும்; ராவாத முனை கத்திக்குச் சமம். குழாய்க்குள் கம்பிக்கு இணைப்பு ஒருபோதும் கூடாது. இணைப்பு வேண்டுமானால் திறந்து பார்க்கக்கூடிய பெட்டிக்குள் இருக்கவேண்டும். வேலை முடிந்தபின் 500 வோல்ட்டு மெக்கரால் சோதித்து, உறையின் தடை ஒரு மெகோமுக்குக் குறையாமலிருப்பதைக் கண்டபிறகே மின்சாரம் விடவேண்டும். மெக்கர் இல்லாத வயர்மேன் தெர்மாமீட்டர் இல்லாத வைத்தியரைப் போன்றவர்.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. இது வறண்ட பூமி. ஆதலின் ஈரத்தைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழை வரும் ஐப்பசி, தீபாவளி வேலையின் உச்சமும் ஆகும். வெளிச்சுவரில் ஓடும் குழாய் எவ்வளவு நன்றாக மூடப்பட்டிருப்பினும், பகலில் சூடேறி இரவில் குளிர்வதால் உள்ளே இருக்கும் காற்று வியர்த்து நீராகின்றது. இதனாலேதான் அமெரிக்க விதி, வெளியில் தரைக்கு மேல் செல்லும் குழாயின் உட்புறத்தையும் ஈரமான இடம் என்றே கருதவேண்டுமென விதித்தது. ஈரத்திற்கு ஏலாத வயரை அங்கே தடுத்தும் விட்டது. குழாயைச் சற்றுச் சரிவாக அமைத்து, தாழ்ந்த முனையில் நீர் வடிய வழி வைத்தல் நன்று.

நிற்க. இதுகாறும் அச்சுக்கூடத்திற்கும், அலுவலகத்திற்கும், வீட்டிற்கும் உரியவற்றைக் கூறினோம். மருந்து அறைக்கு இவை போதா. அங்கே விதி ஒரே சொல்லில் முடிகின்றது: கம்பியே கூடாது. இதற்குக் காரணம் கூறாமல் விட்டால் இளைஞர்கள் அதை வெறும் பழைய கட்டுப்பாடு என்று எண்ணிவிடுவார்கள்.

சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழில் வந்தது 1923-இல். அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தாவுக்குச் சென்று தொழில் கற்று வந்து தொடங்கினர். பட்டாசுத் தொழில் 1940-ஐ ஒட்டி வளர்ந்தது. அவ்வாண்டில்தான் 1884-ஆம் ஆண்டு வெடிபொருட் சட்டத்தின்கீழ் விரிவான விதிகள் எழுந்தன. யுத்தத்தினால் அந்நிய நாட்டுப் பட்டாசின் வரவும் தடைப்பட்டது. இன்று நடைமுறையிலிருப்பவை 2008-ஆம் ஆண்டு விதிகள். பைக்காராவில் 1932-லும் பாபநாசத்தில் 1944-லும் நீர்மின் நிலையங்கள் எழுந்தபின் தென்பாண்டிச் சீமையில் மின்சாரம் பரவியது. இவ்வாறு மருந்தும் மின்சாரமும் ஏறத்தாழ ஒரே தலைமுறையில் இம்மாவட்டத்திற்கு வந்து சேர்ந்தன. இவ்விரண்டையும் ஒரே அறைக்குள் விடலாகாது என்று துணிந்தவர்கள் தீர்க்கதரிசிகளே.

மருந்து அறையில் பறப்பது சாதாரணத் தூசியன்று. அலுமினியத்தூள் ஓர் உலோகம். ஸ்விட்சுக்குள் படிந்தால் மின்சாரத்திற்குத் தானே பாலம் போட்டுக் கொடுக்கும். கந்தகத்தூளோ 230 டிகிரி அளவிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும்; நாள்பட்டால் செம்புக்கம்பியைக் கறுக்கச்செய்து இணைப்பைக் கெடுக்கும், கெட்ட இணைப்பு சூடேறும். வெடியுப்பு மூன்றாவது. அது தீக்கு வேண்டிய பிராணவாயுவைத் தன்னுள்ளேயே வைத்துக்கொண்டிருக்கின்றது.

சிலர் கேட்பர்: “சுரங்கங்களிலும் பெட்ரோல் கிடங்குகளிலும் தீப்பொறி வெளிவராத பெட்டிகளுக்குள் விளக்கெரிக்கிறார்களே, அவற்றையே இங்கும் வைத்தால் என்ன?” இது நல்ல கேள்வி. 1815-இல் ஸர் ஹம்ப்ரி டேவி சுரங்கத் தொழிலாளிக்காக ஒரு விளக்கை அமைத்தார். சுடரைச் சுற்றி மெல்லிய கம்பிவலை. வெளியிலுள்ள வாயு உள்ளே புகுந்து எரிந்தாலும், சுவாலை வலையைக் கடக்கும்போது குளிர்ந்து அணைந்துவிடும். இக்காலத்துச் சுவாலைதாங்கிப் பெட்டிகளும் இதே தத்துவத்தைத் தழுவியவை. பெட்டிக்குள் வெடித்தாலும் மூடியின் குறுகிய இடுக்கு வழியே வெளிவரும் வாயு குளிர்ந்துவிடும். அப்பெட்டிக்குள் நுழையும் குழாயின் மரை குறைந்தது ஐந்து சுற்றாவது முழுதும் ஏறியிருக்கவேண்டும் என்பதும், குழாயின் வாயைச் சீல் செய்யும் கலவையால் அடைக்கவேண்டும் என்பதும் இதனாலேயே. அடைக்காத குழாய் ஓர் அறையின் நெருப்பை அடுத்த அறைக்குக் கொண்டுசெல்லும் சுரங்கவழியாகும்; மின்சாரத்திற்காக வைத்த பாதையில் தீயும் நடக்கும்.

ஆனால் இவை யாவும் வாயுவுக்காக வகுத்தவை. அபாய இடங்களை வகைப்படுத்தும் ஐ.எஸ். 5572 என்னும் நம் நியமமும் எரியும் வாயுவையும் ஆவியையும் பற்றியே பேசுகின்றது. வாயு எரியக் காற்று வேண்டும். எவ்வளவு வலிவாக வெடிக்கும் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு ஏற்பப் பெட்டியைச் செய்யலாம். மருந்துக்கோ காற்று வேண்டியதில்லை. மூடியின் இடுக்கு வழியே நாள்தோறும் சிறிது சிறிதாக உட்புகுந்து படிந்த தூள், ஒருநாள் பெட்டிக்குள் பற்றினால் அந்தப் பெட்டியே வெடிகுண்டாகிவிடும். ஆகவே விலையுயர்ந்த பெட்டியை வாங்கி மாட்டிவிட்டோம் என்று ஒருவர் நிம்மதியடைவதைவிட, பெட்டியே இல்லாமல் இருப்பது மேல். “தீப்பற்றாத வயர்” என்று கடையில் விற்பதும் இவ்வாறே. அது தான் எரிந்து தீயைப் பரப்பாது என்பதே பொருள். அதன் முனையில் எழும் பொறி மருந்தைத் தீண்டாது என்று பொருளன்று.

வெளிச்சம் வேண்டுமென்றால் என்செய்வது? பாய்மரக் கப்பற்காலத்துப் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் இதற்கு ஓர் அழகிய விடை கண்டார்கள். வெடிமருந்து அறையை அடுத்து ஒரு சிறு விளக்கறை இருக்கும். இரண்டிற்கும் இடையே கண்ணாடிச் சாளரம். விளக்கு அவ்வறையிலேயே எரியும். அதற்கு வாயிலும் வேறு. ஒளி மாத்திரம் கண்ணாடி வழியே மருந்தறைக்குள் செல்லும். ஒளியை விட்டுத் தீயை நிறுத்தும் இவ்வுபாயம் கிடங்குகளில் இன்றும் பொருந்தும். விளக்கும், ஸ்விட்சும், குழாயும் சுவருக்கு வெளியிலேயே இருக்கவேண்டும். அவ்வெளிக்கம்பியும் தலைக்குமேல் தொங்கி வரலாகாது. மின்னல் பாய்ந்தால் தொங்கும் கம்பி அதை நேரே கட்டிடத்திற்கு அழைத்து வரும். அமெரிக்கப் படைத்துறையின் வெடிபொருள் விதி, கட்டிடத்திற்கு 50 அடி தூரத்திலேயே கம்பி நிலத்துக்குள் இறங்கிவிடவேண்டும் என்கின்றது.

கம்பியில்லா அறையிலும் மின்சாரம் உண்டு என்றால் சிலர் வியப்பர். வறண்ட நாளில் நைலான் உடுத்தி நடப்பவரின் உடல் பதினாயிரம் வோல்ட்டு வரை ஏறிவிடக்கூடும். உடலின் மின்கொள்ளளவு சுமார் 150 பிக்கோபாரட் என்று கொண்டால், அப்பொறியின் ஆற்றல் ஒரு ஜூலில் ஆயிரத்தில் ஏழரைப் பங்கு. இது நமக்கு ஓர் ஊசிக்குத்துப்போல் தோன்றும்; நுண்ணிய அலுமினியம் கலந்த சில மருந்துகளுக்கோ போதிய நெருப்பு. அறை வாயிலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே செல்வதும், பருத்தியாடை உடுத்துவதும், தரையில் மின்சாரம் கடத்தும் ரப்பர் விரிப்பு இடுவதும் இதனாலேயே. புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் அத்தகட்டை ஒரு சடங்குபோல் தொட்டுச் செல்வதைக் காண்கிறோம். காரணத்தை அவர்களுக்கு எடுத்துரைப்பது போர்மேனின் கடன்.

அத்தகடு எங்கே போய் முடிகின்றது என்பதே முக்கியம். அதன் கம்பி நிலத்தில் புதைத்த எர்த் குழாயில் சேரவேண்டும். கரிசல் மண்ணின் இயல்பை நம்மவர் அறிவர்: மழையில் சேறாகக் குழையும், கோடையில் கை நுழையும்படி வெடித்துப் பிளக்கும். பிளந்த மண் குழாயை விட்டு விலகி நின்றால், இரண்டரை மீட்டர் ஆழக் குழாய் புதைத்தும் பயனில்லை. கரியும் உப்பும் இட்டு, கோடையில் தவறாது நீர் வார்த்து, ஆண்டுதோறும் தடையை அளந்து எழுதிவைக்கவேண்டும். குடிக்க நீர் அரிதான ஊரில் எர்த் குழிக்கு நீர் வார்ப்பது சிலருக்கு வீண் செலவாகத் தோன்றுகின்றது. அச்சுக்கூடத்தில் இரும்புக்குழாயையே எர்த்தாக நம்பிவிடுவதும் தவறு. மரை துருப்பிடித்தால் தொடர்ச்சி அறும். ஆதலின் குழாய்க்குள் தனியே ஒரு எர்த் கம்பி செல்லவேண்டும்.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் முப்பத்தைந்து பேருக்கு மேலும், 2021 பிப்ரவரி 12-ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சன்குளத்தில் இருபது பேருக்கு மேலும் பட்டாசு விபத்தில் மாண்டனர். இத்தகைய விபத்துக்களின் காரணங்களில் முன்னிற்பவை உராய்வும், மருந்து கலப்பதில் பிழையும், ஈரம்பட்ட மீதி மருந்து தானே சூடேறுவதும், அளவுக்கு மிஞ்சிய ஆட்களை ஓரறையில் அமர்த்துவதுமாகும். கம்பி அப்பட்டியலில் முன்னிற்கவில்லை. கம்பி அங்கே இல்லை என்பதே அதற்கு ஒரு காரணம் என்பது எமது துணிபு.

ஆனால் எல்லா இடத்திலும் கம்பி இல்லாமல் இல்லை. உரிமமின்றி வீட்டுத் திண்ணையிலும் பின்கட்டிலும் திரி சொருகும் வேலை நடக்குமாயின், அங்கே தலைக்குமேல் முறுக்கு வயரில் விளக்குத் தொங்கும். மின்விசிறி மருந்துத் தூளைக் கிளப்பும். ஸ்விட்சைத் தட்டும்போதெல்லாம் உள்ளே ஒரு பொறி எழும். அவ்வீட்டில் வயர் இழுத்தவர் குடியிருப்பதற்கென்று இழுத்தார். அவரைக் குற்றம் கூறுவதற்கில்லை. சமையலறைக்கு எழுதிய விதி மருந்தறையைக் காப்பாற்றாது.

மின்சார வேலையை உரிமம் பெற்ற காண்டிராக்டரே, தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில் செய்யவேண்டும் என்பது சட்டம். நம் மாநிலத்தில் அச்சான்றுகளை அளிக்க மின் உரிமம் வழங்கும் வாரியம் ஒன்று இருக்கின்றது. ஐ.டி.ஐ.யில் பயின்று வெளிவரும் இளைஞர் பலர் இம்மாவட்டத்தில் உளர். நம் கல்லூரியில் பௌதிகம் கற்கும் மாணவர்கள், ஓம் விதியை மனப்பாடம் செய்வதோடு நில்லாமல், ஒரு வயர்மேனோடு ஒருநாள் ஏணி பிடித்து நின்று பார்த்தால், மேலே சொன்ன 0.71 என்னும் எண் எங்கிருந்து வருகின்றது என்பது அவர்களுக்கு நன்கு விளங்கும். (எழுபதிலிருந்து ஐம்பதைக் கழித்து, அதை நாற்பதால் வகுத்து, வர்க்கமூலம் காண்க.)

அச்சுக்கூடத்தின் செய்தி எஞ்சியிருக்கின்றது. முதலாளியிடம் நாம் கணக்கைக் காட்டினோம். நாட்காட்டி வேலை நிற்கும் என்று முதலில் அவர் இசையவில்லை. கருகிய உறையைக் கையில் கொடுத்தபோது சிறிதுநேரம் பேசாதிருந்து, “சரி, அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளுங்கள்” என்று வயர்மேனிடம் சொல்லிவிட்டார். ஞாயிறு போதவில்லை, திங்களும் சேர்ந்தது. பழைய குழாயை அறுத்துத்தான் கம்பிகளை எடுக்கவேண்டியிருந்தது. அதற்குப் பதிலாக 25 மில்லிமீட்டர் குழாய் இரண்டு, கூரைக்கு ஒரு முழம் தாழ்த்தி ஓடின. தட்டை வயர் வெளியே வந்து கிளிப்பில் ஏறியது. முறுக்கு வயரை அவர் சுருட்டித் தம் பையில் போட்டுக்கொண்டு, “இது டேபிள் விளக்குக்கு ஆகும், ஸார்” என்றார்.